மெயில் சர்வரில் மெயில் எங்கே குடியிருக்கிறது?

"அண்ணாச்சி, அனுப்பியாச்சுன்னு சொல்லுதாங்க, லாக்லயும் போயிருச்சுன்னுதான் இருக்கு. இன்பாக்ஸ் மட்டும் காலியா கெடக்கு."

சொந்த மெயில் சர்வர் வைத்திருக்கும் கல்லூரி, அச்சகம், ஆடிட்டர் ஆபீஸ் எங்கிருந்து இந்தப் புகார் வந்தாலும் மெயில் தொலைந்திருப்பது அபூர்வம். வேறு வீட்டில் இறங்கியிருக்கும். வாசலில் மெயிலை வாங்கி ஓரிடத்தில் வைப்பது போஸ்ட்ஃபிக்ஸ். ஓரிடத்தைத் திறந்து போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் காட்டுவது டவ்காட். இரண்டும் தனித்தனி புரோகிராம்கள், இடம் எது என்று ஒன்றை ஒன்று கேட்டுக்கொள்வதில்லை. டெபியனிலோ உபுண்டுவிலோ நிறுவிய அன்றைக்கு இரண்டுமே /வார்/மெயில் என்ற இடத்தைப் பார்த்திருக்கும். அப்புறம் யாராவது ஒன்றை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

ஒரு முன்குறிப்பு. கட்டளைகளையும் செட்டிங் பெயர்களையும் இங்கே உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், செட்டிங் பெயரின் சொற்களுக்கு நடுவே அடிக்கோடு போட்டுத் தட்டுங்கள்.

ஃபோல்டரைப் பற்றிப் பேசுவதற்கு முன் கட்டடத்தைப் பாருங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணி கரை மீறியதில் நெல்லை ஜங்ஷன் முங்கியது, கொக்கிரகுளத்தில் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. தரைத்தளத்தில் மேஜைக்கு அடியில் சர்வர் வைக்கிற பழக்கத்தை அதற்குப் பிறகும் விடாதவர்கள் இருக்கிறார்கள். குறுக்குத்துறை முருகன் கோயிலில் வெள்ளம் ஏறும்போது மூலவர் அங்கேயே இருப்பார், உற்சவரை மட்டும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். சர்வரிலும் அந்த ஏற்பாடுதான் வேண்டும். ஓஎஸ் போனால் மறுபடி நிறுவிக்கொள்ளலாம். மெயில் தனி டிஸ்கில் இருக்க வேண்டும், கழற்றிக்கொண்டு மாடியேறும்படி.

பார்த்துக்கொள்ள ஆளே இல்லாத ஆபீஸ் என்றால் சொந்த சர்வர் ஆசையை விட்டுவிடுங்கள். தென்காசி பக்கத்தில் மாத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஜோஹோ போன்றவர்களிடம் கொடுத்துவிடலாம். அவர்களுடைய இந்திய டேட்டா சென்டர்கள் சென்னையிலும் மும்பையிலும் இருக்கின்றன. மெயில் எந்த ஃபோல்டரில் என்பது அவர்கள் கவலை. மற்றவர்கள் தொடர்ந்து படிக்கலாம்.

முதலில் எதையும் மாற்றாமல் மெயில் லாகைத் திறந்து, கடைசியாக வந்த மெயிலின் வரியில் 'சென்ட்' என்பதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'டெலிவர்டு டு மெயில்பாக்ஸ்' என்றால் எல்லா மெயிலும் ஒரே நீளக் கோப்பாக எம்பாக்ஸ் முறையில் விழுகிறது. 'டெலிவர்டு டு மெயில்டிர்' என்றால் மெயிலுக்கு ஒரு கோப்பு. 'டெலிவர்டு டு கமாண்ட்' என்றால் நடுவில் புரொக்மெயில் போல ஏதோ ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிக்கும். போஸ்ட்ஃபிக்ஸில் 'மெயில்பாக்ஸ் கமாண்ட்' வரி இருக்கிறவரை, கீழே 'ஹோம் மெயில்பாக்ஸ்' என்று என்ன எழுதினாலும் அது ஏறெடுத்துப் பார்க்காது. 'போஸ்ட்கான்ஃப் -என்', 'டவ்கான்ஃப் -என்' இரண்டின் விடையையும் ஒரு கோப்பில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். திரும்பிப் போக அதுதான் வழி.

எம்பாக்ஸா மெயில்டிரா என்று விவாதிக்க நான் தயாராக இல்லை. மெயில்டிர்தான். ஒரு மெயிலை அழிக்க முழுக் கோப்பையும் பூட்டித் திருத்தி எழுதுகிற முறை பல பேர் இருக்கும் ஆபீஸுக்கு ஒத்துவராது.

தனி டிஸ்கை /எஸ்ஆர்வி/விமெயில் என்ற ஃபோல்டரில் மவுன்ட் செய்யுங்கள். எஃப்எஸ்டேபில் யூயூஐடி கொடுத்து எழுதுங்கள், டிஸ்க் பெயரை நம்பாதீர்கள். இந்த இடத்தில் ஒரு குழி உண்டு. கரண்ட் போய் வந்து மெஷின் எழும்போது அந்த டிஸ்க் ஏறவில்லை என்றால், மவுன்ட் ஆக வேண்டிய ஃபோல்டர் காலியாக அதே பெயரில் நிற்கும். வருகிற மெயிலெல்லாம் அதற்குள் விழும். டிஸ்க் திரும்ப ஏறியதும் அந்த மெயில்கள் அதன் அடியில் மறைந்துபோகும். அதனால் மவுன்ட் செய்வதற்கு முன்பே, காலி ஃபோல்டருக்கு 'சேஞ்ச்-அட்ரிப்யூட்' கட்டளையால் (தட்டுவது சுருக்கமாக, 'சிஎச்ஏடிடிஆர்') பிளஸ் ஐ போட்டு எழுத முடியாதபடி செய்துவிடுங்கள். அதற்கப்புறம் மவுன்ட் செய்யுங்கள். டிஸ்க் ஏறாத நாளில் மெயில் கியூவில் காத்திருக்கும், கண்ட இடத்தில் இறங்காது.

பிறகு 'விமெயில்' என்று ஒரு யூசர், 5000 என்ற எண்ணில். சின்ன எண் கொடுத்தால் டவ்காட் ஏற்காது. டிஸ்க் முழுவதையும் அந்த யூசர் பெயருக்கு மாற்றுங்கள்.

இனி முக்கியமான படி. இடத்தை ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள், டவ்காட்டிடம். போஸ்ட்ஃபிக்ஸ் தானாக எங்கேயும் வைக்க வேண்டாம், வாங்கியதை எல்எம்டிபி வழியாக டவ்காட் கையில் கொடுத்துவிடட்டும். இரண்டு பேரிடமும் ஒரே முகவரியை எழுதிவைப்பதும் நடக்கும்தான். ஆனால் ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து ஒன்றை மட்டும் திருத்துவார்.

டவ்காட்டில் 'மெயில் ஹோம்' என்பதை /எஸ்ஆர்வி/விமெயில்/%டி/%என் என்று வையுங்கள். %டி டொமைன், %என் அட் குறிக்கு முந்தைய பெயர். 'மெயில் லொகேஷன்' அந்த வீட்டுக்குள் மெயில்டிர் என்ற தனி அறையாக இருக்கட்டும். வீடும் அறையும் ஒன்றாக இருந்தால், வடிகட்டும் விதிகளுக்கான புள்ளிக் கோப்புகளைக்கூட டவ்காட் மெயில் ஃபோல்டர் என்று காட்டத் தொடங்கும். 'மெயில் யூஐடி', 'மெயில் ஜிஐடி' இரண்டும் விமெயில்.

2025 தொடக்கத்தில் வந்த டவ்காட் 2.4இல் 'மெயில் லொகேஷன்' என்ற வரியே கிடையாது. 'மெயில் டிரைவர்' தனி, 'மெயில் பாத்' தனி. %டி, %என் என்ற சுருக்கங்களும் மாறி, நெளிவு அடைப்புக்குறிக்குள் 'யூசர்' என்று எழுதும் முறை வந்துவிட்டது. டெபியன் 13க்கு ஏறியவர்கள் பழைய கோப்பை அப்படியே ஒட்டினால் டவ்காட் எழும்பாது. இணையத்தில் கிடைக்கும் பெரும்பாலான குறிப்புகள் 2.3க்கு எழுதியவை.

போஸ்ட்ஃபிக்ஸ் பக்கம் 'வெர்ச்சுவல் டிரான்ஸ்போர்ட்' வரியில் டவ்காட்டின் எல்எம்டிபி சாக்கெட். டவ்காட்டின் எல்எம்டிபி பேக்கேஜைத் தனியாக நிறுவ வேண்டும், பலர் மறப்பது இது. உங்கள் டொமைன் 'வெர்ச்சுவல் மெயில்பாக்ஸ் டொமைன்ஸ்' வரியில் இருக்க வேண்டும். அதே டொமைன் 'மைடெஸ்டினேஷன்' வரியில் இருக்கவே கூடாது. இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் அதை உள்ளூர் யூசருடைய மெயில் என்று நினைத்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோகும். கட்டுரையின் தொடக்கத்தில் அண்ணாச்சியைக் கூப்பிட்டவருக்கும் பெரும்பாலும் இந்த வரிதான் காரணமாக இருக்கும்.

பழைய மெயிலை மாற்றும்போது போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் நிறுத்திவிடுங்கள். பயப்பட வேண்டாம். அனுப்புகிற சர்வர்கள் சாதாரணமாக நாலைந்து நாள் வரை திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். ஒரு சாயங்காலம் மூடினால் எதுவும் போகாது. எம்பாக்ஸிலிருந்து வருகிறவர்கள் கையால் பிரிக்க முயல வேண்டாம், 'டவ்அட்ம் பேக்கப்' அந்த வேலையைச் செய்யும். மெயில்டிரிலிருந்து மெயில்டிருக்கு என்றால் 'ஆர்சிங்க்', 'ஏ' ஆப்ஷனுடன். நட்சத்திரக்குறி போட்டுக் காப்பி செய்யாதீர்கள். சென்ட், டிராஃப்ட்ஸ் ஃபோல்டர்களின் பெயர் புள்ளியில் தொடங்கும், நட்சத்திரம் அவற்றைத் தொடாது. மறுநாள் காலையில் மேனேஜர் "நான் அனுப்புனது ஒண்ணையும் காணோமே" என்று நிற்பார். 'டவ்காட்-யூஐடிலிஸ்ட்' என்ற சின்னக் கோப்பும் கூடவே வர வேண்டும். அது விட்டுப்போனால், பாப் முறையில் அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்குப் பழைய மெயில் அத்தனையும் புதிதாக மறுபடி இறங்கும்.

கடையில் வாங்கிய எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வழியாகக் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அது எக்ஸ்-ஃபேட் வடிவில் இருக்கலாம். படித்த மெயிலின் கோப்புப் பெயர் கடைசியில் முக்காற்புள்ளியும் 2ம் கமாவும் எஸ்ஸும் இருக்கும். முக்காற்புள்ளி உள்ள பெயரை எக்ஸ்-ஃபேட் ஏற்காது, அதனால் படித்த மெயிலெல்லாம் வழியில் உதிரும், 'நியூ' ஃபோல்டரில் கிடப்பவை மட்டும் போய்ச் சேரும். ஒரே 'டார்' கோப்பாகக் கட்டி ஏற்றுங்கள்.

எழுப்பிய பிறகு 'டவ்அட்ம் யூசர்' கட்டளைக்கு ஒரு முகவரி கொடுங்கள். டவ்காட் உண்மையில் எந்த இடத்தைப் பார்க்கிறது என்று அது சொல்லும். யூசர் பட்டியலில் யாருக்காவது தனியாக இடம் எழுதியிருந்தால் பொது வரியை அது மீறிவிடும், அதுவும் இங்கே தெரியும். வெளியிலிருந்து ஒரு மெயில் அனுப்பி, புதிய ஃபோல்டரின் 'நியூ' உள்ளே கோப்பு விழுகிறதா என்று கண்ணால் பாருங்கள். போனில் வந்ததை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

பழைய இடத்தை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றி ஒரு மாதம் வைத்திருங்கள். கிரான் வேலைகள் ரூட்டுக்கு எழுதும் மெயில் இன்னும் /வார்/மெயிலுக்குத்தான் போகும். அலையஸ் கோப்பில் ரூட்டுக்கு நேரே நீங்கள் தினமும் பார்க்கிற முகவரியைப் போட்டு 'நியூஅலையசஸ்' கட்டளையை ஒருமுறை ஓட்டுங்கள். டிஸ்க் நிறைகிறது என்று சர்வர் சொல்லும்போது அது உங்கள் கண்ணில் பட வேண்டும்.