மேடை ஒளியமைப்புக்கு எந்த லேப்டாப்?

கேள்வி: மேடை நிகழ்ச்சிகளின் ஒளியமைப்பை 3டி-யில் வடிவமைக்க எப்படிப்பட்ட லேப்டாப் வாங்கலாம்?

பதில்: முதலில் மென்பொருளை முடிவு செய்ய வேண்டும். வைசிவிக், டெப்பன்ஸ் இரண்டுக்கும் விண்டோஸ் தேவை. ஸ்வீடனில் உருவான கேப்சர் மேக்கிலும் ஓடும்.

அடுத்தது கிராபிக்ஸ் சிப். பணத்தை இங்கேதான் கொட்ட வேண்டும். புகையினூடே பாயும் ஒவ்வொரு ஒளிக்கற்றையையும் நொடிக்குப் பலமுறை வரைவது அதுதான். விளக்குகள் கூடக் கூட முதலில் திணறுவதும் அதுதான். பெயரை மட்டும் நம்பி வாங்குவதில் பெரிய ஆபத்து உண்டு. டெஸ்க்டாப்புக்கான ஆர்டிஎக்ஸ் 4090-ல் நினைவகம் 24 ஜிபி. அதே பெயருள்ள லேப்டாப் சிப்பில் 16 ஜிபிதான். 4070-ல் அது 12, லேப்டாப்பில் 8. போதாக்குறைக்கு, லேப்டாப் 4060 சிப்பை 35 வாட்டிலும் இயக்கலாம், 115 வாட்டிலும் இயக்கலாம். ஒரே பெயர், வேகமோ வேறு! மெல்லிய உடல் அழகுதான், ஆனால் சூடேறினால் வேகம் குறையும்.

ரேம் 32 ஜிபி, எஸ்எஸ்டி 1 டிபி போதும்.

பேட்டரியில் ஓடும்போது சிப்பின் வேகம் வெகுவாகக் குறையும். அரங்கில் சார்ஜரைச் செருகியே வேலை செய்யுங்கள். வாங்கும்முன் கடைக்காரரிடம் வாட் அளவைக் கட்டாயம் கேளுங்கள்.