ஹெடர் கோப்புக்கும் எண் வேண்டும்

லைப்ரரியின் பெயரிலேயே பதிப்பு எண் இருக்கிறது, ஆகவே ஹெடர் கோப்புகளை யூஎஸ்ஆர்/இன்க்ளூட் கோப்புறையில் நேராகக் கொட்டி வைக்கலாம், புதிய பதிப்பு பழையதன் மேல் எழுதிக்கொள்ளட்டும் என்பது நிரலாளர்களிடையே பரவலான நம்பிக்கை. பாதி உண்மை என்பதால்தான் இது நீடிக்கிறது. அந்த எண் ஓடும் நிரலைக் காப்பாற்றும். பழைய நிரல் தனக்குரிய பழைய லைப்ரரியைத் தேடி எடுத்துக்கொள்ளும். கம்பைல் செய்கிறவருக்கு அதனால் பயனில்லை, ஏனென்றால் கம்பைலர் படிப்பது ஹெடரை மட்டுமே. புதிய ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்சரின் அளவு கூடியிருந்து, லிங்கர் பழைய லைப்ரரியை இணைத்துவிட்டால் பெரும்பாலும் எச்சரிக்கைகூட வராது. நிரல் ஓடும்போது நினைவகத்தில் கண்ட இடத்தில் எழுதிவிட்டு விழும்.

எல்லோரும் சீக்கிரம் புதியதற்கு மாறிவிடுவார்களே என்பார்கள். ஜிடிகே என்ற வரைகலை இடைமுக லைப்ரரியின் 3ஆம் பதிப்பு வந்தது 2011இல். ஜிடிகே பிறந்ததே கிம்ப் என்ற பட நிரலுக்காக. அந்தக் கிம்ப்பே ஜிடிகே 2ஐ விட்டு 3க்கு மாறிய பதிப்பு 2025 மார்ச்சில்தான் வெளியானது. அதற்குள் ஜிடிகே 4 வந்து நான்கு ஆண்டுகள் ஓடிவிட்டன. பழையது எடுக்கப்பட்டு, புதியது தயாராகாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை ராமேஸ்வரம் பயணிகள் அறிவார்கள். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் பாதுகாப்புக் காரணத்தால் 2022 டிசம்பரில் மூடப்பட்டது. பக்கத்திலேயே எழும்பிய புதிய பாலம் 2025 ஏப்ரலில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் தீவுக்கு ரயிலே இல்லை. அங்கே இரண்டையும் ஒருசேர ஓட்ட வழியில்லை. ஹெடர் விஷயத்தில் பழையதையும் புதியதையும் அருகருகே வைக்க வழி இருக்கிறது.

இன்க்ளூடுக்குள் ஜிடிகே-3.0 என்ற கோப்புறை, அதனுள் ஜிடிகே என்றொரு கோப்புறை, அதனுள் ஜிடிகே.எச். நம் திரையில் தமிழ் எழுத்துகளைக் கோத்துத் தரும் பாங்கோவும் பாங்கோ-1.0 என்று இப்படியே உட்கார்ந்திருக்கிறது. எண் வெளிக் கோப்புறையில் மட்டுமே. இன்க்ளூட் வரியில் வராது. வரியிலேயே எண்ணை எழுதினால் என்ன என்று கேட்பவர்கள் இரண்டு சிக்கல்களை மறக்கிறார்கள்: பதிப்பு மாறும்போது ஒவ்வொரு மூலக்கோப்பையும் திருத்த வேண்டும், ஹெடர்கள் ஒன்றையொன்று எண்ணில்லாமல் அழைப்பதால் அவையும் கிடைக்காது. வெளிக் கோப்புறையின் பாதையைக் கம்பைலருக்குச் சொல்வது பிகேஜி-கான்ஃபிக் என்ற கருவியின் வேலை. அந்தப் பாதையைக் கையால் எழுதுவதும் எளிதல்ல: கிளிப்-2.0 என்ற லைப்ரரியின் கிளிப்கான்ஃபிக்.எச் வன்பொருளைப் பொறுத்து மாறுவதால் இன்க்ளூடில் இல்லாமல் லிப் பக்கம் இருக்கிறது.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் புதுக் கோப்புறை வேண்டும் என்று அஞ்சவும் வேண்டாம். அந்த எண் இடைமுகத்துக்கானது, வெளியீட்டுக்கானது அல்ல, ஜிடிகே 3.24 வந்த பிறகும் கோப்புறை 3.0தான். கன்டெய்னர் இருக்க இந்தப் பாடு எதற்கு என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கன்டெய்னருக்குள்ளும் யாரோ ஒருவர் சரியான ஹெடரை நிறுவியாக வேண்டும். இரண்டு பதிப்புகளையும் ஒரே கணினியில் கட்டித் தரும் லினக்ஸ் தொகுப்பாளருக்குக் கன்டெய்னர் தீர்வாகாது. இசட்லிப் போல இடைமுகத்தை உடைக்காமலே காலம் தள்ளும் சிறு லைப்ரரிகள் நேராக இன்க்ளூடில் இருக்கலாம், தவறில்லை. உங்கள் லைப்ரரி அப்படி இருக்கும் என்று உறுதியாகத் தெரியாவிட்டால், முதல் வெளியீட்டிலேயே கோப்புறைக்கு எண் கொடுத்துவிடுங்கள்.