வானிலிருந்து வந்த பாடமும் வகுப்பாசிரியரும்

1975 ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் 1976 ஜூலை 31ஆம் நாள் வரை, ஆந்திரப் பிரதேசம், பீகார், கர்நாடகம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, ராஜஸ்தான் ஆகிய ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி வழியே கல்வி வழங்கும் சோதனை ஒன்று நடத்தப்பட்டது. 'சைட்' என்னும் சுருக்கப் பெயரால் அது அறியப்படுகிறது. அமெரிக்காவின் 'நாசா' தனது ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோளை ஓராண்டுக்கு அளித்தது. தரைநிலையங்களும், ஏற்புக் கருவிகளும், நிகழ்ச்சிகளும் இந்தியாவின் பொறுப்பாயின. கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையைக் கொண்டு சுமார் 10 அடி விட்டத்தில் அமைத்த அலைவாங்கியே ஒவ்வொரு கிராமத்திலும் செயற்கைக்கோளின் அலைகளை நேரடியாக ஏற்றது. பல ஊர்களில் தொலைக்காட்சிப் பெட்டி பள்ளிக் கட்டடத்திலேயே வைக்கப்பட்டது.

காலை ஒன்றரை மணி நேரம் 5 முதல் 12 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு உரியது. இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளுக்கும் அது பகிர்ந்தளிக்கப்பட்டதால், ஒரு மொழிக்குக் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடமே. மாலை ஒளிபரப்பு பெரியவர்களுக்கானது. வேளாண்மை, உடல்நலம், குடும்பநலம் ஆகியவை அதில் இடம் பெற்றன.

இருபத்திரண்டரை நிமிடப் பாடத்தை வகுப்பறையின் பக்கமிருந்து நோக்குதல் வேண்டும். ஒளிபரப்பை ஆசிரியரால் நிறுத்த இயலாது; புரியாத பகுதியைத் திரும்பக் காட்டவும் இயலாது. அன்று அவர் நடத்திக்கொண்டிருந்த பாடம் வேறாயிருக்கலாம். ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைக் கவனிக்கும் பள்ளியில் ஐந்து வயதுக் குழந்தையும் பன்னிரண்டு வயதுச் சிறுவனும் ஒரே திரையின் முன் அமர்ந்தனர். நிகழ்ச்சி முடிந்தபின், கண்டதை ஒட்டி ஒரு கேள்வி எழுப்பவும், விதையையோ கல்லையோ கையில் கொடுத்துச் சோதித்துப் பார்க்கச் செய்யவும் ஆசிரியர் முன்வந்தாலன்றி, காட்சி வேடிக்கையாகவே கழிந்துவிடும். கருவி பழுதுபட்டால் சரிசெய்யப் பணியாளர் உண்டு. பாடம் பழுதுபட்டால் ஆசிரியரே கதி!

இதனைத் திட்டமிட்டோரும் உணராமலில்லை. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கவுன்சிலின் பொறுப்பில், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பித்தலில் பன்னிரண்டு நாள் பயிற்சி இரு தவணைகளாக அளிக்கப்பட்டது; பயன்பெற்றோர் ஏறத்தாழ 48,000 பேர். இதிலும் தொலைக்காட்சி தனித்து நிற்கவில்லை. வானொலி, அச்சிட்ட செயல்முறைக் குறிப்புகள், மையந்தோறும் வழிகாட்டும் ஆசிரியர், கையால் செய்து பார்க்கும் சோதனைகள் எல்லாம் இணைந்தே நடந்தன. செயற்கைக்கோள் பேரளவில் பயன்பட்டதற்குச் சோதனையின் வேறெந்தப் பகுதியையும்விட இதனையே சான்றாகக் காட்டலாம். குழந்தையை நேரே அடைவதைக் காட்டிலும், நாள்தோறும் அக்குழந்தையுடன் இருப்பவரை அடைவது கூடுதல் பயன் தரும் என்று கொள்வதற்கு இடமுண்டு.

ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் திரும்பப் பெறப்பட்டது. தரைவழி ஒளிபரப்பு எட்டிய கிராமங்களில் சேவை தொடர்ந்தது. எட்டாத இடங்களில் பெட்டிகள் பயனற்றுப்போயின. 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தின்கீழ் உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கணிப்பொறிகள் வழங்கப்பட்டபோதும், பொறியை வாங்குவது எளிதாகவும் அதைப் பாடத்தோடு பிணைப்பது கடினமாகவும் இருந்தது. 2004 செப்டம்பர் 20 அன்று ஏவப்பட்ட 'எடுசாட்', மாணவரின் கேள்வி பாடம் நடத்துபவரைச் சென்றடைய வழி செய்தது. 2017இல் தொடங்கப்பட்ட 'தீக்ஷா' தளத்திலோ, பாடநூலில் அச்சிடப்பட்ட குறியீட்டின் மூலம் ஆசிரியர் காட்சியை முந்திய நாளே பார்த்துக்கொள்ளலாம். வகுப்பில் வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், திரும்பவும் காட்டலாம். 1975இல் கிடைக்காத வசதி இது. ஆயினும் அப்படிப் பார்ப்பதற்கான நேரம் பள்ளியின் கால அட்டவணையில் ஒதுக்கப்பட்டுள்ளதா என்பதை, கருவிகளின் எண்ணிக்கையைக் கேட்கும் ஆய்வுப் படிவங்கள் பெரும்பாலும் கேட்பதில்லை.