இளைஞர் ஆளுமையும் மனச்சோர்வும்

வகுப்பில் ஒருவன் கலகலப்பாகப் பேசுகிறான். மற்றொருவன் ஒதுங்கி அமர்கிறான். முன்னவன் நலமுடையவன், பின்னவன் மனச்சோர்வு கொண்டவன் என நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். இம்முடிவு பொருந்துமா என்பதை ஈண்டுக் காண்போம்.

ஆளுமைப் பண்பு என்பது ஒருவரிடம் நெடுங்காலம் நிலைத்திருக்கும் இயல்பு. உளவியல் அறிஞர் ஐசென்க் 1947ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் புறமுக நாட்டம், உணர்ச்சி நிலையின்மை ஆகிய இரண்டையும் ஆளுமையின் அடிப்படைகளாகக் கொண்டார். பின்வந்தோர் புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, இணக்கம் ஆகியவற்றையும் சேர்த்து ஐந்தாக வகுத்தனர். இவற்றுள் மனச்சோர்வோடு மிக நெருங்கியது உணர்ச்சி நிலையின்மையாகும். சிறு இழப்புக்கும் பெரிதும் கலங்குதலும், கலங்கிய மனம் எளிதில் தெளியாமையும் இதன் கூறுகள். எனினும் இது நோய்க்கு இடந்தரும் இயல்பேயன்றி நோயன்று. அவ்வாறே, நூலகத்தில் தனித்திருந்து மகிழ்பவனுக்கும் மருத்துவம் வேண்டுவதில்லை.

மனச்சோர்வோ இயல்பினின்றும் மாறிய நிலை. வாட்டமோ எதிலும் நாட்டமின்மையோ இரு வாரங்களேனும் நாள்தோறும் நீடித்து, உறக்கமும் பசியும் கவனமும் கெட்டு, தன்னைத் தாழ்வாக எண்ணும் போக்கும் சேர்ந்து, அன்றாட வாழ்வு குலையுமாயின் மருத்துவர் அதனை நோயெனக் கருதுவர். அதன் கடுமையை மதிப்பிட, 1961இல் ஆரன் பெக் 21 கூறுகள் கொண்ட அளவுகோல் ஒன்றை அமைத்தார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகையையும் வெகுளியையும் தனித்தனியே வைத்தார். ஆனால் "ஆண்பிள்ளை அழலாமா?" என்று கேட்டு வளர்க்கப்பட்ட இளைஞனிடம் அழுகை வெகுளியாய் வெளிப்படுவதும் உண்டு. எரிந்து விழுதல், வகுப்புக்கு வாராமை, மதுவை நாடுதல் ஆகியவற்றை ஒழுங்கீனம் என்று மட்டுமே நாம் கருதினால் உள்ளிருக்கும் துயர் மறைந்துபோகும். இந்தியாவில் தற்கொலையால் இறப்போருள் பெரும்பாலோர் ஆடவரே என்பதை மறத்தலாகாது.

ஆகவே, ஒருவனைப் பிறரோடு ஒப்பிடாது, அவனது முந்தைய நிலையோடு ஒப்பிடுதலே முறை. நாள்தோறும் பந்தாடியவன் ஆடுகளத்தை மறந்தானா? நன்கு எழுதியவன் வெற்றுத்தாள் தருகிறானா? நகைச்சுவையாளன் பேச்சில் சாவு அடிக்கடி வருகிறதா? அவனைத் தனியே அழைத்து அன்போடு வினவுவோம். தற்கொலை எண்ணம் உண்டா என நேரே கேட்பது அவ்வெண்ணத்தைத் தூண்டுவதில்லை. மாறாக, மனந்திறக்க வழிசெய்கிறது. பேச்சுவழி மருத்துவமும் மருந்தும் பயன்தருவன. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்னும் நடுவண் அரசுத் திட்டத்தின் 14416 என்ற எண்ணில் இலவச ஆலோசனை பெறலாம்.

இயல்பை மதிப்போம், மாற்றத்தை உணர்வோம். மாணவர்க்கு ஆசிரியரும் பெற்றோரும் தோழரும் செய்யத்தக்க முதலுதவி இதுவே.