கிளட்ச் மிதிப்பது யார் கால்?
கம்பெனி காருக்கு ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா: கையெழுத்துப் போடும் முன்

பதவி உயர்வோடு கம்பெனி கார் வருகிறது என்றதும் நிறம், சன்ரூஃப், திரையின் அளவு என்று பேச்சு ஓடும். கியர் விஷயம் ஷோரூமில் விற்பனையாளர் கேட்கும்போதுதான் ஞாபகத்துக்கு வரும். சொந்தக் காசில் வாங்கிய வண்டி பிடிக்கவில்லை என்றால் விற்றுத் தொலைக்கலாம். லீஸில் எடுத்த வண்டியை மூன்று முதல் ஐந்து வருடம் வரை கட்டி ஆளவேண்டும். நடுவில் கைகழுவ நினைத்தால் அதற்குத் தனிக் கட்டணம் இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கம்பெனி காருக்குப் பணம் கட்டுபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர், சம்பளத்தில் வரி பிடிபடுபவர் மற்றொருவர். சொந்தக் கார் வாங்கிய நண்பர் தரும் யோசனை இங்கே பாதிதான் உதவும்.

ஸ்டீயரிங் யார் கையில்?

நீங்களே ஓட்டுவீர்களா, டிரைவர் வைத்துக்கொள்வீர்களா, அலுவலகப் பொதுவண்டியாகப் பலர் கைக்குப் போகுமா என்பதை முதலில் தீர்மானியுங்கள். நீங்களே ஓட்டுவதென்றால் உங்கள் முழங்கால் சொல்வதைக் கேட்டால் போதும். டிரைவர் என்றால் அவரையும் சோதனை ஓட்டத்துக்கு அழைத்துப் போங்கள். பின்சீட்டில் உட்காருபவர் "மேனுவலே போதும்" என்று மிச்சம் பிடிக்கும் பணத்தை டிரைவரின் இடது கால்தான் கட்டுகிறது. சில வருடம் கழித்து கிளட்ச் பிளேட் பில்லாகக் கம்பெனியும் கொஞ்சம் கட்டும்.

பொதுவண்டியில் ஆளாளுக்கு ஒரு பழக்கம். சிக்னலில் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்தி வைப்பவர் ஒருவர் இருந்தாலே போதும், கிளட்சின் ஆயுள் குறையும். அந்த வகை வண்டிக்கு நான் ஆட்டோமேட்டிக்கைத்தான் சொல்வேன். வீட்டில் வேறு யாரும் ஓட்டுவார்களா என்றும் பாருங்கள். இந்தியாவில் இலகுரக வாகன உரிமம் ஒன்றே இரண்டு வகைக்கும் செல்லும். ஆனால் ஆட்டோமேட்டிக்கிலேயே கற்றுக்கொண்ட மகளோ மருமகனோ அவசரத்துக்குக் கிளட்ச் வண்டியை எடுக்க முடியாது.

கொள்கைத் தாளில் எந்த விலை?

மனிதவளப் பிரிவு தரும் கார் கொள்கையில் ஓர் உச்சவரம்பு இருக்கும். அது ஷோரூம் விலையா, சாலை வரியும் காப்பீடும் சேர்ந்த ஆன்ரோடு விலையா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சின்னக் கார்களில் ஏஎம்டி என்னும் ஆட்டோமேட்டிக் வகைக்கு மேனுவலைவிட ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய் கூடும். மற்ற ஆட்டோமேட்டிக்குகளுக்குப் பெரும்பாலும் ஒரு லட்சத்துக்கு மேல். வரம்பு அசையாது என்பதால், கேள்வி உண்மையில் "உச்ச வேரியன்ட் மேனுவலா, ஒரு படி கீழே இறங்கி ஆட்டோமேட்டிக்கா" என்று மாறிவிடும். சன்ரூஃபை விட்டுக்கொடுப்பதில் நஷ்டமில்லை. ஏர்பேக் எண்ணிக்கையும் வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சியும் குறையும் என்றால் மேனுவலிலேயே இருங்கள்.

சில வண்டிகளில் இந்த யோசனைக்கே வேலை இல்லை. 2023-ல் திரும்ப வந்த இன்னோவா கிரிஸ்டா டீசல் மேனுவலில் மட்டுமே வந்தது. அதன் தம்பி ஹைகிராஸில் மேனுவலே கிடையாது. மின்சாரக் கார்களில் கிளட்சே இல்லை.

வரியில் ஒரு வேடிக்கை

கம்பெனியின் காரை அலுவலுக்கும் வீட்டுக்கும் சேர்த்து உபயோகித்தால், வருமான வரி விதிகள் அந்தச் சலுகையின் மதிப்பைக் காரின் விலையை வைத்துக் கணக்கிடுவதில்லை. எஞ்சின் 1.6 லிட்டருக்குள்ளா, மேலா என்பதே கோடு. அதற்கேற்ப மாதத்துக்கு ஒரு நிலையான தொகை உங்கள் வருமானத்தில் சேரும். டிரைவர் இருந்தால் இன்னும் கொஞ்சம். ஆகவே அதே எஞ்சினில் மேனுவலுக்குப் பதில் ஒரு லட்சம் கூடுதலான ஆட்டோமேட்டிக்கை எடுத்தாலும் இந்தத் தொகை மாறாது. 1493 சிசி டீசல் கிரெட்டா எந்தக் கியரில் வந்தாலும் கோட்டுக்குக் கீழேதான்.

முழுக்கச் சொந்த உபயோகம் என்று பதிவானால் கதை வேறு. அப்போது செலவோடு காரின் விலையில் ஆண்டுக்கு 10 சதவீதமோ, லீஸ் என்றால் அதன் வாடகையோ சேர்த்துக் கணக்கிடுவார்கள். ஆட்டோமேட்டிக்கின் கூடுதல் விலை நேராக உங்கள் தலையில் விழும். உங்கள் வண்டி எந்த வகையில் பதிவாகும், இப்போதைய தொகை என்ன என்று கணக்குப் பிரிவில் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கம்பெனி தரப்பிலும் ஒன்று: 13 பேர் வரை ஏறும் கார்களுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைச் சாதாரண நிறுவனங்கள் உள்ளீட்டு வரவாகத் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் நிதிப் பிரிவு அந்தக் கூடுதல் லட்சத்துக்கு முகம் சுளிக்கிறது.

எந்த ஆட்டோமேட்டிக்?

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இது. "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயரில் நான்கு விதமான இயந்திரங்கள் விற்கின்றன.

ஏஎம்டி என்பது மேனுவல் கியர் பெட்டிதான். கிளட்சை மிதிப்பதும் கியரை மாற்றுவதும் உங்களுக்குப் பதில் ஒரு கருவி. 2014-ல் செலேரியோ வழியாக இந்தியாவுக்கு வந்தது. விலை குறைவு, மைலேஜ் நன்று. ஆனால் ஒவ்வொரு கியர் மாறும்போதும் ஒரு நொடி மூச்சு வாங்கும். ஓவர்டேக் செய்யும்போது அது எரிச்சலூட்டும். பின்சீட்டில் மடிக்கணினியோடு உட்காரும் அதிகாரிக்குத் தலையாட்டும் பொம்மை அனுபவம் கிடைக்கும்.

பிரெஸ்ஸா, எர்டிகா போன்றவற்றில் வரும் டார்க் கன்வெர்ட்டர் பழைய, நிதானமான முறை. எஞ்சினுக்கும் கியருக்கும் நடுவே எண்ணெய் இருந்து விசையைக் கடத்துவதால் ஊர்ந்து போகும் நெரிசலைத் தாங்கும். ஹோண்டா சிட்டி, அமேஸில் இருக்கும் சிவிடியில் படிப்படியான கியரே இல்லை; வழுக்கிக்கொண்டு போகும். அழுத்தி மிதித்தால் எஞ்சின் சத்தம் முன்னால் ஓட, வேகம் பின்னால் வரும். ஊருக்குள் ஓட்டுபவருக்கு இதைவிட மென்மையானது கிடைக்காது.

டிசிடியில் இரண்டு கிளட்ச். ஒன்று இருக்கும் கியரைப் பிடித்திருக்க, மற்றொன்று அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்கும். நெடுஞ்சாலையில் அருமை. ஆனால் உலர் கிளட்ச் வகையில், அடிக்கு அடி நின்று நகரும் நெரிசலில் கிளட்ச் சூடாகும். பழுதானால் செலவும் பெரிது.

விற்பனைத் தாளில் 'ஏடி' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த வகை என்று கேளுங்கள். வோக்ஸ்வாகன் விர்டஸில் 1.0 லிட்டர் எஞ்சினுக்கு டார்க் கன்வெர்ட்டர், 1.5 லிட்டருக்கு டிஎஸ்ஜி என்னும் டிசிடி. ஒரே கார், ஒரே பெயர்.

உங்கள் சாலையைப் பாருங்கள்

தினமும் மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஓஎம்ஆரில் போய்வருபவருக்கு நான் தயங்காமல் ஆட்டோமேட்டிக் என்பேன், டார்க் கன்வெர்ட்டர் அல்லது சிவிடி. விழுப்புரம், திருச்சி, மதுரை என்று நெடுஞ்சாலையிலேயே மாதம் முழுக்கச் சுற்றும் விற்பனை மேலாளர் மேல் கியரில் போட்டால் மணிக்கணக்கில் கையை எடுக்கத் தேவையில்லை. அவருக்கு மேனுவலால் நஷ்டம் ஒன்றுமில்லை. மிச்சமாகும் பணத்தை நல்ல டயருக்கும் பாதுகாப்பு வசதிக்கும் செலவிடலாம்.

மலைக்கு அடிக்கடி போகிறவர் சோதனை ஓட்டத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: இறக்கத்தில் கியரை நாமே குறைத்துப் பிடிக்க வழி இருக்கிறதா? இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள ஏற்காட்டிலிருந்து டி என்னும் வழக்கமான ஓட்டு நிலையிலேயே பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறையும். எம் அல்லது எல் நிலையில் போட்டு எஞ்சினே வேகத்தை அடக்கும்படி இறங்கவேண்டும்.

மைலேஜ் பயம்

"ஆட்டோமேட்டிக் பெட்ரோல் குடிக்கும்" என்பது இப்போது பாதி உண்மை. 2024 ஸ்விஃப்டுக்கு நிறுவனம் சொல்லும் கணக்கில் மேனுவல் லிட்டருக்கு 24.80 கிலோமீட்டர், ஏஎம்டி 25.75. கிரெட்டா டீசலில் தலைகீழ்: மேனுவல் 21.8, ஆட்டோமேட்டிக் 19.1. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓடினால் சுமார் 97 லிட்டர் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தால் வருடத்துக்கு 9,000 ரூபாய் அளவில். சாலையில் இரண்டு எண்ணும் குறையும். எரிபொருள் படி உங்களுக்கு நிலையான தொகையாக வந்தால் இந்த வித்தியாசம் உங்கள் பையிலிருந்து. பில் கொடுத்து வாங்குவதானால் கம்பெனியிலிருந்து. அதைத் தெரிந்துகொண்டு கவலைப்படுங்கள்.

ஓட்டிப் பார்ப்பது எப்படி?

ஞாயிறு காலை காலியான சாலையில் ஓட்டினால் எல்லா வண்டியும் தங்கம். வார நாளில் மாலை ஆறு மணிக்குக் கேளுங்கள். ஒரு அடித்தள வாகன நிறுத்தத்தின் சரிவில் நிறுத்தி, பிரேக்கிலிருந்து காலை எடுத்து எவ்வளவு பின்வாங்குகிறது என்று பாருங்கள். அறுபதில் போகும்போது முழுக்க மிதித்து, கியர் இறங்க எவ்வளவு தயங்குகிறது என்று கவனியுங்கள். குறுகிய இடத்தில் பின்னால் எடுத்துப் பாருங்கள். ஏஎம்டி தடுமாறினால் இங்கே தடுமாறும். பிறகு டிரைவரை ஓட்டவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள்.

ஒப்பந்தத்தில் நான்கு இடம்

கிளட்ச் தேய்மானம் பராமரிப்புப் பொதியில் சேர்கிறதா? பல ஒப்பந்தங்களில் சேராது. கியர் பெட்டிக்கான உத்தரவாதம் லீஸ் முடியும் வரை நீள்கிறதா? டிசிடி எடுப்பவர் நீட்டித்த உத்தரவாதம் இல்லாமல் கையெழுத்துப் போடக்கூடாது என்பது என் கருத்து. வேலையை விட்டால் வண்டி யாருக்கு, என்ன விலைக்கு? எஞ்சினுக்கான கூடுதல் காப்பீட்டில் கியர் பெட்டியும் வருகிறதா? 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீர் நின்றது. ஆட்டோமேட்டிக்கின் மின்னணுப் பாகம் நனைந்தால் பில் சாதாரணமாக இருக்காது.

சாவி வந்தபின்

ஆட்டோமேட்டிக் எடுத்திருந்தால் முதல் வாரம் இடது காலை ஓரத்து மேடையில் வைத்துவிடுங்கள். கிளட்ச் என்று நினைத்து அது பிரேக்கை மிதித்தால் பின்னால் வருபவர் உங்கள் டிக்கியில். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். ஏஎம்டியிலும் டிசிடியிலும் அது கிளட்சைத் தின்னும். நெரிசலில் அங்குலம் அங்குலமாக ஊராமல், முன்னால் கொஞ்சம் இடம் விழுந்தபின் நகருங்கள். நிறுத்தும்போது கைப்பிரேக்கைப் போட்டபிறகு பி என்னும் நிறுத்த நிலைக்குப் போங்கள். மாருதியின் ஏஎம்டி வண்டிகளில் பி கிடையாது. கைப்பிரேக் போட்டு, கியரில் விட்டு அணைக்கவேண்டும்.

பேட்டரி இறங்கினால் நாலு பேர் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வேலை ஆட்டோமேட்டிக்கில் நடக்காது. பழுதானால் கயிறு கட்டி இழுக்கவிடாமல், வண்டியை முழுதாக மேலே ஏற்றிச் செல்லும் மீட்பு லாரியைத்தான் அழைக்கவேண்டும். காப்பீட்டுத் தாளில் இருக்கும் அந்த எண்ணை டிரைவரின் போனிலும் பதிந்து கொடுத்துவிடுங்கள்.