பொக்கை வாயும் கையுணவும்

பல் முளைக்காத சிசுவின் கையில் ஆகாரத்தைக் கொடுப்பது அபாயம் என்றும், கடைவாய்ப் பல் எழும்பும்வரை யாவற்றையும் குழைய மசித்தே ஊட்டவேண்டும் என்றும் நம் இல்லங்களில் வேரூன்றிய நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. ஆறு மாதம் நிரம்பி, கழுத்து நின்று, நிமிர்ந்து உட்காரத் தொடங்கிய குழந்தை, வெந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் பறங்கித் துண்டையும் ஈறுகளாலேயே நசுக்கிவிடும். அத்துண்டு நம் இரு விரல்களுக்கிடையே சிரமமின்றி மசிகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும். அந்தப் பிராயத்தில் குழந்தை முழுக் கையாலும் பற்றுமாதலால் துண்டு விரல் நீளம் இருக்கட்டும்; பொறுக்கியெடுக்கும் சாமர்த்தியம் ஒன்பது மாத அளவிலேதான் வரும்.

உண்மையான அபாயம் பண்டத்தின் வடிவத்திலும் கடினத்திலும் இருக்கிறது. முறுக்குக்கு அஞ்சுகிற பெரியவர்களே, மெத்தென்று இருக்கிறதே என்று திராட்சையை முழுதாகக் கொடுத்துவிடுகிறார்கள். வழுவழுப்பான அவ்வுருண்டையோ புட்டித் தக்கைபோல மூச்சுக்குழலை அடைத்துவிடும். அதை நீளவாக்கில் நான்காக வகிர்ந்து தரவேண்டும். முழு வேர்க்கடலையும் பச்சைக் கேரட் துண்டும் கூடவே கூடாது. ஆயினும், ஒவ்வாமைக்குப் பயந்து வேர்க்கடலையையே தள்ளிவைப்பதும் சரியன்று: ஒவ்வாமைக்கு இலக்காகக்கூடிய சிசுக்களுக்கு ஆரம்பத்திலிருந்தே அதைக் கொடுத்துவந்தால் வேர்க்கடலை ஒவ்வாமை பெருமளவு குறைகிறதென்று லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. அதை விழுதாக அரைத்துக் கஞ்சியில் கரைத்துத் தருக; கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும் வைத்தியரைக் கேட்டபின் தருக. தேனோ, ஒரு வயதுக்குமுன் நாவில் தடவவும் ஆகாது.

இனி, புரையேறல். குழந்தை முகம் சிவந்து, கண்ணீர் மல்கி, ஓங்கரித்துத் துண்டை வெளித்தள்ளும்போது நாம் பதறுகிறோம். அது தொண்டையின் இயல்பான காவல், சத்தமாக இருமுகிறவரை இருமவிடுவதே முறை. அஞ்சவேண்டியது, அழவும் இருமவும் இயலாமல் உதடு நீலம்பாரிக்கும் நிசப்தத்துக்கு. அப்போது உச்சந்தலையில் தட்டுவதும், தண்ணீர் புகட்டுவதும், கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல்விட்டுத் துழாவுவதும் பயனற்றவை. துழாவுதல் அதை இன்னும் உள்ளே தள்ளிவிடவும் கூடும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கைமேல் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கப் பிடித்து, தோள்பட்டைகளுக்கிடையே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை அறைந்து, விலகாவிடில் மல்லாத்தி நெஞ்சின் நடுவே ஐந்து முறை அழுத்தி, துண்டு வெளிப்படும்வரை இவற்றை மாறிமாறிச் செய்யவேண்டும். அதற்குள் வேறொருவர் 108-ஐ அழைத்திருக்கவேண்டும்.