எருக்கிலையின் அடியில்

நுழையும்முன்

திண்ணையில் ஒரு கண்ணாடிப் புட்டி, நாள்தோறும் இரண்டு எருக்கிலை, ஒரு மாதப் பொறுமை. இவை இருந்தால் ஓர் உயிர் முட்டையிலிருந்து சிறகு விரிக்கும்வரை நாம் கண்டு மகிழலாம். அவ்வாறு வளர்ப்பது எப்படி, எத்தனை வளர்ப்பது தகும் என்னும் இரண்டு வினாக்களையும் மரக்காணம் உப்பளக் கரையில் நின்று ஆராய்கிறது இக்கட்டுரை.

வினா எழுந்த இடம்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோர ஊர் மரக்காணம். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குச் செல்வோர், வெண்மையாக விரியும் உப்பளங்களைக் கண்டதும் ஊர் நெருங்கிவிட்டதை அறிவர். வெயில் காயக் காயப் பாத்திகளில் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் பாத்திகள் நீரில் மூழ்கித் தொழில் நின்றுபோகும். அருகிலுள்ள கழுவேலி ஈரநிலம் 2021ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பறவை காண்போர் தொலைநோக்கியுடன் அங்கு வருகின்றனர். அவர்கள் கடந்து செல்லும் மணல்மேட்டு எருக்கஞ்செடியை எவரும் நின்று பார்ப்பதில்லை. நானும் பல்லாண்டு பார்த்தவனல்லன்.

இவ்வூரில் நான் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், உப்பளத் தொழிலாளர் ஒருவரின் மகள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து நின்றாள். அமெரிக்காவில் பிள்ளைகள் தம் வீட்டிலேயே முட்டையிலிருந்து மொனார்க் வண்ணத்துப்பூச்சியை வளர்ப்பதைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறாள்.

"ஐயா, அந்தப் பூச்சி நம்ம ஊர்ல கிடைக்குமா?"

"மொனார்க் கிடைக்காதம்மா. ஆனா அதுக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சி உங்க உப்பளத்துக் கரையிலேயே இருக்கு. எருக்கஞ்செடியைப் போய்ப் பார்."

அத்தங்கையின் பெயர் வெந்தய வரியன். மொனார்க்கும் இதுவும் 'டனாஸ்' என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. செம்மஞ்சள் சிறகு, கறுத்த ஓரம், அவ்வோரத்தில் வெண்புள்ளிகள் எனக் குடும்பச் சாயலும் ஒன்றே. மொனார்க் புழு பால் வடியும் செடிகளையே உண்ணும். வெந்தய வரியனின் புழுவுக்கு நம் நாட்டில் எருக்கே முதன்மையான உணவு.

எருக்கு நமக்குப் புதியதன்று. பாரியைப் பாடிய கபிலர் புறநானூற்றில், எளிய எருக்கம்பூவையும் தெய்வம் ஏற்கும் என்பதை உவமையாக்கினார். மடலேறும் தலைவன் சூடியதும் எருக்கமாலையே. பிள்ளையாருக்கு இன்றும் அப்பூவைச் சூட்டுகிறோம். பூவைப் பாடியோர் பலர். இலையைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேரோ!

முட்டையைத் தேடுதல்

இலையைப் புரட்டினால்தான் முட்டை தெரியும். பெண் வண்ணத்துப்பூச்சி பறந்து வந்து இலைமேல் அமர்ந்து முன்கால்களால் தட்டிப் பார்க்கிறது. இலையின் சுவையை அறியும் உணர்வு அதன் கால்களில் உள்ளது. தும்பியை நான்கறிவுயிர் என வகுத்த தொல்காப்பியர், நாவின் வேலையைக் கால் செய்யும் இவ்வுயிரைக் கண்டிருந்தால் என்ன கூறியிருப்பார் என நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. தக்க செடிதான் எனத் தெளிந்தபின் பூச்சி வயிற்றை வளைத்து, பெரும்பாலும் இலையின் அடிப்புறத்தில், ஒரே ஒரு முட்டையை ஒட்டிவிட்டுச் செல்லும். குண்டூசித் தலையினும் சிறிய, வெண்ணிறமான, மேல்நோக்கிக் கூம்பிய முட்டை அது. உற்றுப் பார்த்தால் நெடுக வரிகள் தெரியும்.

முட்டையை இலையிலிருந்து பெயர்க்கலாகாது. இலையோடு கொய்து வருதல் வேண்டும். கொய்யும்போது வடியும் எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு நேரும். ஆகவே கையைச் சோப்பிட்டுக் கழுவும்வரை முகத்தைத் தொடாதீர்கள். இதைப் படித்துவிட்டு மறந்துவிடாதீர்கள்.

புட்டிக்குள் நிகழ்வது

வாய் அகன்ற கண்ணாடிப் புட்டி ஒன்றின் அடியில் தாளை விரித்து, இலையை வைத்து, வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுக. மூடியிட்டு இறுக்கினால் உள்ளே வியர்த்து இலை அழுகும், புழுவும் நோயுறும். எறும்பு ஏறாதிருக்க, நீருள்ள தட்டின் நடுவே புட்டியை வைப்பது நம் பாட்டிமார் சர்க்கரைச் சட்டிக்குச் செய்த உபாயமே. கொசுவத்திப் புகையும் பூச்சிமருந்தும் அவ்விடத்தை அணுகவே கூடாது. முதன்முறை நான் வளர்த்த புழு இறந்தது இதனால்தான். இரவில் வழக்கம்போல் கொசுவத்தி ஏற்றினேன். விடியலில் அது சுருண்டு கிடந்தது. கொசு பூச்சியெனில் இதுவும் பூச்சியே என்பது அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

ஏறத்தாழ மூன்று நாள்களில் முட்டையின் நுனி கறுக்கும். அடுத்து புழு வெளிவரும். அதன் முதல் உணவு அது பிறந்த முட்டையின் ஓடு. அதன்பின் தின்பதே தொழில். கறுப்பு, வெள்ளை, மஞ்சள் என வளையம் வளையமாய் வரிகள். முதுகில் மூன்று இணை கறுத்த கொம்புகள். மயிர் இல்லாத புழு என்பதால் அரிக்காது. எனினும் கையால் எடுக்க வேண்டா. நான்கு முறை தோலுரிக்கும். உரிப்பதற்குமுன் ஒருநாள் வரை உண்ணாமல் அசையாதிருக்கும். நோயுற்றதோ எனத் தொட்டு அசைத்தால் அப்போதுதான் உண்மையிலேயே தீங்கு நேரும். நாள்தோறும் புது இலை வைத்து, எச்சத்தை அகற்றுக. பழைய இலையிலிருந்து புழுவைப் பிடுங்காமல், அவ்விலைத் துண்டோடு புதிய இலைமேல் வைத்தால் தானே நகர்ந்துகொள்ளும்.

எருக்கம்பாலில் இதயத்தின் இயக்கத்தைக் குலைக்கும் நச்சுப் பொருள்கள் உள்ளன. புழுவோ அதைத் தின்றே வளர்கிறது. நச்சின் ஒரு பகுதியைத் தன் உடலிலும் சேர்த்துக்கொள்கிறது. ஒருமுறை கொத்திய பறவை அக்கசப்பை மறவாது. அதனால்தான் வெந்தய வரியன் அஞ்சாமல் மெல்லப் பறக்கிறது. இப்பாதுகாப்பைக் கடன் வாங்கிய உயிரும் உண்டு. பருப்புக்கீரையைத் தின்று வளரும் வேறோர் இனத்தின் பெண், நச்சே இன்றி, இதன் வண்ணத்தை மட்டும் அச்சாகப் பெற்றுப் பறவைகளை ஏய்க்கிறது. அதன் ஆண் வேறு நிறம். கரிய சிறகில் வெண்திட்டுகள் உடையது.

இரு வாரங்களை ஒட்டி, புழு உண்பதை நிறுத்தி உயரமான இடம் தேடி அலையும். துணியின் அடிப்புறத்தில் சிறிது பட்டிழை நூற்று, அதில் வாலைப் பற்றித் தலைகீழாகத் தொங்கும். அப்போது அதன் வளைவு தூண்டில் முள்ளை நினைவூட்டும். பின்னர்த் தோல் கிழிந்து, உள்ளிருந்து பச்சை நிறக் கூட்டுப்புழு வெளிப்படும். அதன்மேல் பொன்துளிபோல் மின்னும் புள்ளிகளைக் கண்டு, "ஐயா, இதுக்கு யார் நகை போட்டுவிட்டாங்க?" என்றாள் அம்மாணவி.

எட்டுப் பத்து நாள்களில் கூட்டின் தோல் கண்ணாடியாகும். உள்ளே செம்மஞ்சள் சிறகு தெரியும். வெளிவரும் பூச்சியின் சிறகு நனைந்த துணிபோல் கசங்கியிருக்கும். அது தொங்கியபடியே சிறகுகளுக்குள் உடல்நீரைச் செலுத்தி விரித்து உலர்த்த வேண்டும். தொங்க இடமில்லையெனில் சிறகு கோணிப்போய் வாழ்நாள் முழுதும் பறக்க இயலாது. ஆகவே புட்டியில் போதிய உயரம் தேவை.

தெரிந்து தெளிவோம்

பண்டை எகிப்தின் தீப்சு நகரக் கல்லறையில், ஏறத்தாழ 3400 ஆண்டுகளுக்கு முன் தீட்டப்பட்ட நெபாமுன் வேட்டை ஓவியத்தில் வெந்தய வரியனின் உருவம் உள்ளது. 1758இல் இதற்கு அறிவியற்பெயர் இட்டவர் லின்னேயசு. தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக 2019இல் அறிவிக்கப்பட்டது தமிழ் மறவன்.

கூட்டிலிருந்து வந்த ஈ

அம்மாணவி வளர்த்தவை மூன்று. ஒன்று நலமாகப் பறந்தது. இரண்டாவது கூடு பழுப்பேறி வாடியது. சில நாள்களில் அதிலிருந்து வெளிவந்தவை ஈயின் புழுக்கள். வெளியில் செடிமேல் இருந்தபோதே ஒட்டுண்ணி ஈ தன் வாரிசை அதனிடம் ஒப்படைத்திருந்தது. பாதி வளர்ந்த புழுவாக அவள் எடுத்து வந்தது அது. அவள் அழுதாள். "முட்டையா இருந்தப்பவே கொண்டு வந்திருந்தா பிழைச்சிருக்கும், இல்லீங்களா ஐயா? அப்போ கரையில இருக்கிற முட்டை எல்லாத்தையும் கொண்டு வந்துடவா?"

அன்பினால் எழுந்த இவ்வினாவுக்கு எளிதில் விடை கூற முடியவில்லை. இடப்படும் முட்டைகளில் மிகச் சிலவே வண்ணத்துப்பூச்சியாகும் என்பது உண்மை. எறும்பு, சிலந்தி, குளவி, ஈ எனப் பங்குக்கு வருவோர் பலர். வீட்டில் வளர்த்தால் மிகுதியாகப் பிழைக்கும் என்பதும் உண்மை. அமெரிக்காவில் இவ்வாறு எண்ணியே பலர் நூற்றுக்கணக்கில் மொனார்க்குகளை வளர்க்கலாயினர். நெருக்கமாக வளர்த்த இடங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி நோய் ஒன்று பூச்சிக்குப் பூச்சி பரவியது. இன்னொரு சிக்கலும் எழுந்தது. மொனார்க் குளிர்காலத்தைக் கழிக்க மெக்சிகோவின் மலைக்காடுகளை நோக்கி 4000 கிலோமீட்டர் வரை வலசை போகும் பூச்சி. சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டினுள் வளர்க்கப்பட்டவை தெற்குத் திசையை நோக்கத் தவறின. கனடா ஆய்வாளர்கள் 2021இல், விடுவிக்கப்பட்டபின் அவற்றுள் பெரும்பாலானவை திசையை மீட்டுக்கொண்டதைக் காட்டினர். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் ஒன்றில் கருத்து வேறுபாடு குறைவு: கற்பதற்காகச் சிலவற்றை வளர்ப்பதில் தீங்கில்லை, இனத்தைக் காப்பது வளர்ப்புப் புட்டியன்று, செடி நிற்கும் நிலமே. திருவரங்கத்தை அடுத்த மேலூரில் அமைந்த வண்ணத்துப்பூச்சிக் காப்பகத்திலும் புழுக்களுக்கான உணவுச் செடிகளுக்கே முதலிடம்.

இவற்றையெல்லாம் அவளிடம் கூறினேன். முழுதும் ஏற்றாள் எனக் கூற மாட்டேன். மூன்றாவது கூடு விரிந்த காலையில் அதை விடுவிக்க இருவரும் மணல்மேட்டுக்குச் சென்றோம். மேடு இல்லை. மனையாக்குவதற்கு முந்தின நாள் பொக்லைன் கொண்டு சமன் செய்திருந்தார்கள். வேரோடு பெயர்ந்த எருக்கஞ்செடிகள் வெயிலில் பால் வற்றிக் கிடந்தன. பூச்சி அவள் விரலிலிருந்து எழுந்து, அவற்றின்மேல் ஒருமுறை தாழ்ந்து பறந்து, உப்பளத்தைக் கடந்து மேற்கே சென்றது. அவள் அதைப் பார்க்கவில்லை. சாய்ந்து கிடந்த செடிகளில் வெடித்த காய்களைப் பறித்துத் தாவணி முனையில் பஞ்சோடு முடிந்துகொண்டிருந்தாள்.

அடுத்த ஆண்டுக் கோடையில் அவள் வீட்டுக் கொல்லைக்கு என்னை அழைத்தாள். முழங்கால் உயரத்தில் ஐந்தாறு செடிகள். "எருக்கை யாராவது வீட்டுல வளர்ப்பாங்களான்னு அம்மா திட்டுறாங்க ஐயா," என்றபடியே ஓர் இலையைப் புரட்டிக் காட்டினாள்.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊரில் எருக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை ஆகியவற்றின் இலைகளை ஒரு வாரம் புரட்டிப் பார்த்து, கண்ட முட்டைகளையும் புழுக்களையும் நாள்வாரியாகக் குறிப்பேட்டில் பதிக.

'ஒட்டுண்ணி ஈக்கும் வாழும் உரிமை உண்டு' என்னும் கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பில் உரையாடுக.